நுவரெலியாக் குளிரில் 8 அறை கெஸ்ட் ஹவுஸ்: சுடுதண்ணீர், சமையலறைக் கழிவு, எதிலிருந்து தொடங்குவது?

பனிப்பாதை:

வணக்கம். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் 8 அறை கெஸ்ட் ஹவுஸ். நிறைந்தால் 16 பேர். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இங்கேயே சமைக்கிறோம். எல்ஈடி பல்பு போட்டாயிற்று, "துவாயைத் தினமும் மாற்ற வேண்டாமா?" என்று அட்டையும் வைத்தாயிற்று. அதைத் தாண்டி உண்மையிலேயே சுற்றாடலுக்குக் கேடு குறைய என்ன செய்யலாம்? கையில் உள்ள காசுக்கு எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது. நிலைமை இதுதான்:

சுடுதண்ணீர்: அறைக்கு ஒரு 50 லீற்றர் கீசர், 2 கிலோவாட். எந்நேரமும் சுவிட்ச் போட்டபடி. அப்படியிருந்தும் இரண்டாவது ஆள் குளிக்கும்போது தண்ணீர் ஆறிவிடுகிறது என்று முறைப்பாடு. 100 லீற்றருக்கு மாற்றச் சொல்கிறார் ஒருவர், சோலார் போடச் சொல்கிறார் இன்னொருவர்.

சமையலறை: சிங்க் பைப் மாதத்துக்கு ஒருமுறை அடைக்கிறது. வெள்ளையாக, மெழுகு மாதிரி. கோஸ்டிக் சோடா ஊற்றினால் இரண்டு நாளைக்குச் சரி. அந்தத் தண்ணீர் வடிகான் வழியாகக் கீழே மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடையில் விழுகிறது. மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

சாப்பாட்டுக் கழிவு: நாளுக்கு 10 முதல் 12 கிலோ. பயோகாஸ் தொட்டி வைக்கலாமா?

தண்ணீர், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர்தான். டேங்க் மேல் மேட்டில், ஷவருக்கு 25 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

குழாயடி:

அண்ணே, ரெண்டாவது விஷயத்தை முதல்ல எடுங்க. செலவு குறைவு, ஓடையும் தப்பும்.

பைப்புல நிக்கிறது தேங்காய் எண்ணெய். அது ஏறக்குறைய 24 பாகையில உறைஞ்சிடும். கொழும்புலயும் மட்டக்களப்புலயும் பைப்புக்குள்ள எண்ணெயாவே ஓடிப்போற சாமான், நுவரெலியாவுல மண்ணுக்குள்ள இருக்கிற குளிர்ந்த பைப்புல நாலஞ்சு மீற்றர் போறதுக்குள்ள சுவருல ஒட்டிக்கும். தேங்காய்ப்பால் சட்டி கழுவுற தண்ணியும் அப்படித்தான். அடைச்ச பைப்பை வாளால அறுத்துப் பாருங்க: நடுவுல ஒரு விரல் போற அளவுதான் துவாரம் மிஞ்சியிருக்கும். சுத்திவர வெள்ளை வளையம், வளையத்துக்கு மேல வளையம், இடையில சோறும் கறிவேப்பிலைக் காம்பும் ஒட்டி நிக்கும்.

கோஸ்டிக் சோடாவை இன்னைக்கே நிப்பாட்டுங்க. தேங்காய் எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்தா சவர்க்காரம். சவர்க்காரம் செய்யுறவங்க பாவிக்கிறதும் இதே ரெண்டுதான். சிங்க்குக்குக் கீழே கரைஞ்ச மாதிரி தெரியும், பத்து மீற்றர் தள்ளி ஒரு வளைவுல திரும்ப இறுகி உக்காரும். மிஞ்சுற காரம் நேரா ஓடைக்குப் போகும். சுடுதண்ணி ஊத்தித் தள்ளுறதும் அதே கதைதான். அடைப்பு போகாது, இடம்தான் மாறும்.

வேண்டியது கிரீஸ் ட்ராப். எண்ணெய்ப் பொறின்னு சொல்லுவாங்க. அளவு இப்படி: உங்க சமையலறையில உச்ச நேரத்துல நிமிஷத்துக்கு 10 லீற்றர் போல தண்ணி இறங்கும்னு வைங்க. எண்ணெய் பிரிஞ்சு மேல வர 30 நிமிஷம் தண்ணி நிக்கணும். அப்போ 300 லீற்றர் வேணும். உள்ளளவு 1 மீற்றர் நீளம், 60 செ.மீ அகலம், தண்ணி நிக்கிற ஆழம் 60 செ.மீ வச்சுக் கட்டினா 360 லீற்றர் வரும், போதும். சிங்க்குக்கு அடியில வைக்கிற 30, 40 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கிடாதீங்க. ரெண்டு சிங்க்கை ஒண்ணா திறந்து விட்டா உள்ள இருக்கிற மொத்தத் தண்ணியும் சில நிமிஷத்துல மாறிடும், எண்ணெய் பிரிய நேரமே கிடைக்காது.

கட்டும்போது பிழைக்கிற இடங்களைச் சொல்றேன். சிங்க்குல இருந்து பொறி வரைக்கும் 3 மீற்றருக்கு மேல போகக் கூடாது. அதுக்கு மேல போனா எண்ணெய் பொறிக்கு வந்து சேர முன்னமே பைப்புல உறையும். ஆனா சமையலறைக்குள்ளயும் வைக்காதீங்க, வெளிச் சுவரோட ஒட்டி வைங்க. பைப் 75 மி.மீ, வாட்டம் மீற்றருக்கு 2.5 செ.மீ. 90 பாகை எல்போ வேண்டாம், ரெண்டு 45 போட்டுத் திருப்புங்க, ஒவ்வொரு திருப்பத்துலயும் திறந்து குத்துறதுக்கு மூடி விடுங்க. உள்ள வர்ற வாயில ஒரு டீ (T வடிவ பைப் மூட்டு) போட்டு, அதோட கீழ்க்கால் தண்ணி மட்டத்துக்கு 20 செ.மீ கீழே போகணும், அப்பதான் மேல மிதக்குற எண்ணெயைத் தண்ணி கலக்காது. வெளிய போற வாயிலயும் டீ. அதோட கால் அடித்தளத்துல இருந்து 20 செ.மீ மேல வந்து நிக்கணும். மேல எண்ணெய், அடியில மண்டி, நடுவுல இருக்கிற தெளிஞ்ச தண்ணி மட்டும்தான் வெளிய போகணும். உள்வாய் வெளிவாயை விட 5 செ.மீ உயரம். ரெண்டு டீக்கும் மேல்வாய் மூடி கழட்டுற மாதிரி இருக்கட்டும்.

கூரைத் தண்ணி, முற்றத்துத் தண்ணி ஒரு சொட்டும் இதுக்குள்ள வரக் கூடாது. நம்ம ஊர் மழைக்கு ஒரு பிற்பகல் போதும், சேர்ந்து நிக்கிற எண்ணெய் முழுக்க அடிச்சிட்டு ஓடைக்குப் போயிடும். மூடி கனமா, ஓரம் அடைச்சு இருக்கணும்.

சுத்தம் பண்ணாத பொறி இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். ஒரு குச்சியில அளவு கீறி வைங்க. மேல் எண்ணெயும் அடி மண்டியும் சேர்ந்து ஆழத்துல கால்வாசி, அதாவது உங்களுக்கு 15 செ.மீ வந்தா அள்ளணும். ஆள் நிறைஞ்ச நாள்ல வாரம் ஒருக்கா பாருங்க. விடிய 6 மணிக்கு, அடுப்பு மூட்ட முன்னம் திறங்க. ராத்திரிக் குளிருக்கு எண்ணெய் கட்டியா ஒரே தட்டா நிக்கும், ஓட்டைக் கரண்டியால தயிர் ஆடை எடுக்கிற மாதிரி எடுத்துடலாம். குளிரால நமக்கு நன்மை வர்றது இந்த ஒரு இடத்துலதான். எடுத்ததை மூணு பங்கு மரத்தூளோட பிசைஞ்சு, ஓடையில இருந்தும் பீலியில இருந்தும் தள்ளி, 60 செ.மீ குழியில போட்டு மூடுங்க.

கடைசியா ஒண்ணு. தட்டையும் சட்டியையும் தண்ணியில வைக்க முன்னம் பழைய பத்திரிகைத் தாளாலயோ தும்பாலயோ துடைச்சு எடுக்கச் சொல்லுங்க. பொரிச்ச எண்ணெயை சிங்க்குல ஊத்தவே கூடாது, தகர டின்னுல சேருங்க. அதை வாங்க வர்றவங்க திரும்ப சமையலுக்கு விக்கிறவங்களா இல்லையான்னு விசாரிச்சுத்தான் கொடுக்கணும்.

ஊவாமேடு:

சுடுதண்ணீருக்கு வருகிறேன். 100 லீற்றர் கீசரும் வேண்டாம், சோலாரும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஷவரையும் அளந்து பாருங்கள்.

25 மீற்றர் உயரத்திலிருந்து வரும் தண்ணீருக்கு ஏறக்குறைய 2.5 பார் அழுத்தம் இருக்கும். சாதாரண ஷவர் தலையில் நிமிடத்துக்கு 12 லீற்றர் தாராளமாகக் கொட்டும். 6 நிமிடக் குளியல் என்றால் 72 லீற்றர். இப்போது உங்கள் கீசரைப் பாருங்கள். பீலித் தண்ணீர் 16 பாகை, கீசர் 60 பாகை, குளிப்பது 40 பாகையில். 50 லீற்றர் சுடுதண்ணீரைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்தால் 92 லீற்றர் குளியல் தண்ணீர் கிடைக்கும். இரண்டு பேருக்கு 144 லீற்றர் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு ஆறிப்போவதற்குக் காரணம் இதுதான்.

நிமிடத்துக்கு 7 லீற்றர் விடும் ஷவர் தலை போட்டால் ஒருவருக்கு 42, இருவருக்கு 84 லீற்றர். அதே 50 லீற்றர் கீசர் போதுமாகிவிடும். காற்றைக் கலந்து பீய்ச்சும் வகையை வாங்குங்கள், விருந்தினருக்குக் குறைவு தெரியாது. உங்களுக்கு அழுத்தம் இருப்பதால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன். கூரைமேல் டேங்க் வைத்து 2, 3 மீற்றர் உயரத்தில் தண்ணீர் எடுப்பவர்கள் இதே தலையைப் போட்டால் தூறல்தான் வரும்.

மின்சாரக் கணக்கு: ஒரு லீற்றரை ஒரு பாகை சூடாக்க 1.163 வாட் மணி. 16 பேர் × 72 லீற்றர் × 24 பாகை = நாளுக்கு 32 யூனிட். 42 லீற்றருக்கு 19 யூனிட்கூட வராது. ஷவர் தலையால் மட்டும் நாளுக்கு 13 யூனிட் மிச்சம்.

அடுத்தது, எந்நேரமும் போட்டு வைப்பது. ஆள் இல்லாத அறையிலும் கீசர் தன் சுவரால் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் குளிரில் 50 லீற்றர் கீசர் ஒன்று நாளுக்கு 1 யூனிட்டுக்குக் குறையாமல் சும்மா தின்னும். 16 பாகையிலிருந்து 60க்கு ஏற 2 கிலோவாட் கீசருக்கு ஏறக்குறைய 1 மணி 17 நிமிடம். ஆகவே விருந்தினர் வருவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன் போட்டால் போதும், ஆள் இல்லாத அறையில் அணைத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: செலவைக் குறைக்கிறேன் என்று தேமோஸ்டாட்டை 45க்கு இறக்காதீர்கள். இளஞ்சூட்டில் நிற்கும் தண்ணீரில் லீஜனெல்லா பற்றீரியா பெருகும், ஷவர் சாரலோடு நுரையீரலுக்குள் போகும். 60ல் வையுங்கள். பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் முழுச் சூட்டுக்கு ஏற்றி, ஷவரை நிலத்தோடு தாழ்த்திப் பிடித்து சில நிமிடம் ஓடவிட்ட பிறகே ஆளை விடுங்கள்.

சுடுதண்ணீர்ப் பைப்புக்கு 13 மி.மீ தடிப்புள்ள நுரை உறை போடுங்கள். வெளிச் சுவரில் ஓடும் பைப்பிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை பிவிசி பைப் எங்காவது சுடுதண்ணீருக்குப் போட்டிருந்தால் சூடு தாங்கும் பிபிஆர் பைப்புக்கு மாற்றுங்கள், பிவிசி சூட்டில் தொய்ந்து மூட்டு விடும். மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, சற்று அமிலத் தன்மையும் உண்டு. கீழ்நாட்டைப் போல கீசருக்குள் சுண்ணாம்பு படியாது, அதற்குப் பதில் இரும்பை அரிக்கும். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியை வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கரைந்து உள்கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். பத்து வருடம் ஓடக்கூடிய டேங்க் பாதியிலேயே ஒழுகிக் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கம்பியைக் கவனிக்காததால்தான்.

டேங்க் இல்லாத உடனடி ஷவர் ஹீட்டர் போடச் சொல்வார்கள். 5.5 கிலோவாட் ஹீட்டர் 24 பாகை ஏற்றிக் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 3.3 லீற்றர்தான் தரும். கண்டியில் பரவாயில்லை, அங்கே தண்ணீரே சூடு. நுவரெலியாவில் அது குளியல் அல்ல. ஒன்றுக்கு 24 அம்பியர் வேறு இழுக்கும். 30 அம்பியர் லைனில் இரண்டை ஒன்றாகப் போட முடியாது.

இதையெல்லாம் செய்தபின் காசு சேர்ந்தால் காற்றிலிருந்து சூடு எடுக்கும் ஹீட் பம்ப். 16 பாகைக் காற்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் சூடு தரும், உங்கள் 19 யூனிட் 7 அளவுக்கு வந்துவிடும். பனி இரவில் இந்த விகிதம் இறங்கும், அதனால் டைமர் வைத்துக் காலை 10 முதல் மாலை 4 வரை ஓடவிடுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். அதில் ஓடாமல் இருப்பதும் ஒரு நன்மை. நாளுக்கு 60 பாகைத் தண்ணீர் 370 லீற்றர் போல வேண்டும், 400 லீற்றர் டேங்க் எடுங்கள்.

சோலார் கெட்டது என்று சொல்லவில்லை. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், முகில் விலகாது. அதே ஜூலையில் பண்டாரவளை, எல்ல பக்கம் கச்சான் காற்றும் வெயிலும். அங்கே உள்ளவர்களுக்கு சோலார்தான் முதல் தெரிவு. நீங்கள் போடுவதானால் அதை முன்சூடாக்கியாக மட்டும் கணக்கெடுங்கள். 16ல் இருக்கும் தண்ணீரை 30க்குக் கொண்டுவந்து கீசருக்குள் விட்டாலே, 60க்கு ஏற்றும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. கண்ணாடிக் குழாய் வகையில் அழுத்தம் தாங்காத டேங்க் வரும். உங்கள் 2.5 பாரை அதில் நேரடியாகக் கொடுத்தால் வெடித்துப் பிளக்கும். பக்கத்தில் பந்து வால்வு வைத்த சிறு டேங்கிலிருந்துதான் ஊட்ட வேண்டும். வெயில் நாளில் 80, 90 பாகைக்குப் போகும் என்பதால் கலவை வால்வு இல்லாமல் ஷவருக்கு விடவே கூடாது. பிள்ளைகள் வந்து தங்கும் இடம்.

கரட்பாத்தி:

அண்ணா, பயோகாஸை இப்ப விட்டுடுங்க. வாயு உண்டாக்குற நுண்ணுயிருக்கு 30 பாகைக்கு மேல வேணும், 15க்குக் கிட்டப் போனா ஏறக்குறைய தூங்கிடும். நுவரெலியாவுல தினம் 12 கிலோவைப் போட்டா வாயு வராது, புளிச்ச தண்ணிதான் வழியும். பதுளை, கண்டியில இருக்கிறவங்க யோசிக்கலாம்.

சேதனப் பசளையாக்குங்க. கீழே மரக்கறித் தோட்டம் இருக்குன்னு சொல்றீங்க, வாங்க ஆள் இருக்கு. பலகையாலயோ கட்டுக்கல்லாலயோ 1 மீற்றர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி மூணு. அதுக்குக் குறைஞ்சா இந்தக் குளிருல உள்சூடு நிக்காது. மேல தகரக் கூரை கட்டாயம், மழை பட்டா குவியல் நனைஞ்சு நாறும். ஒரு வாளி சாப்பாட்டுக் கழிவுக்கு ரெண்டு வாளி காய்ஞ்ச சாமான்: மரத்தூள், கிழிச்ச அட்டைப்பெட்டி, காய்ஞ்ச சவுக்கு இலை. யூக்கலிப்டஸ், சைப்பிரஸ் இலையைக் கொஞ்சமா போடுங்க, உக்க நாள் எடுக்கும். சோறு கட்டியா விழுந்தா உள்ள காத்துப் போகாது, உதிர்த்துப் போடணும். மீன், இறைச்சி நடுவுல போட்டு 15 செ.மீ மூடணும். தேயிலைச் சக்கை எவ்வளவும் போடலாம்.

கையால ஒரு பிடி அள்ளிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும். ஓடினா மரத்தூள் போதாது, உதிர்ந்தா தண்ணி போதாது. நடுவுல ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி பத்து நிமிஷம் விட்டு எடுங்க. பிடிக்க முடியாத சூடுன்னா 55 பாகைக்கு மேல போயிருக்கு, வேலை நடக்குது. இளஞ்சூடுன்னா கிளறுங்க. வாரம் ஒருக்கா கிளறினாலும் இங்க நாலு, அஞ்சு மாதம் எடுக்கும். கீழ்நாட்டுப் புத்தகக் கணக்கைப் பார்த்து மூணாம் மாதமே பாத்தியில போட்டா வேர் வெந்திடும்.

பெட்டி சுத்தி, அடியிலயும் சேர்த்து, 12 மி.மீ கம்பி வலை அடிங்க. எலிக்கும் காட்டுப் பன்றிக்கும் மட்டுமில்ல. கழிவு திறந்து கிடந்தா நாய் சேரும், நாய் சேர்ந்தா அதைத் தேடிச் சிறுத்தை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வரும். அதுல ஆபத்து மனுசருக்கும் இருக்கு, சிறுத்தைக்கும் இருக்கு. பன்றிப் பண்ணைக்குக் கொடுக்கிறதா இருந்தா வேகவச்சுக் கொடுக்கிற ஏற்பாடு இருந்தா மட்டும் கொடுங்க. வேகாத பன்றி இறைச்சித் துண்டு கழிவோட போனா ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவ அதுவே வழி.

இதுக்கெல்லாம் முன்னம் ஒரு வாரம் மூணு வாளி வச்சு நிறுத்துப் பாருங்க: ஒண்ணு வெட்டுற கழிவு, ஒண்ணு தட்டுல மிஞ்சினது, ஒண்ணு பரிமாறாம மிஞ்சினது. மூணாவது வாளி கனமா இருந்தா அது கழிவுப் பிரச்சினை இல்ல, சமைக்கிற அளவுப் பிரச்சினை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின்னேரம் 4 மணிக்குள்ள ஆளையும் கறியையும் கேட்டு எழுதிட்டா அந்த வாளி இறங்கிடும்.

பனிப்பாதை:

மூவருக்கும் மிக்க நன்றி. வாளி வைத்து அளந்துவிட்டேன்: இரண்டு அறையில் 11, மீதியில் 13, 14 லீற்றர். ஷவர் தலைக்குச் சொல்லியாயிற்று.

குழாயடி அண்ணே, பொறியிலிருந்து வரும் தண்ணீரை எங்கே விடுவது? கட்டடத்துக்குப் பின்னால் சரிவு. அதன் மேல் ஓரத்தில் உறிஞ்சு குழி வெட்டலாம் என்று மேசன் சொல்கிறார். இன்னும் இரண்டு: அறைகளில் இரவுக்கு 2 கிலோவாட் ஹீட்டர் கேட்கிறார்கள். மழை மாதங்களில் படுக்கை விரிப்புக் காய்வதில்லை, உலர்த்தும் மெஷின் வாங்க வேண்டிய நிலைமை.

குழாயடி:

சரிவோட மேல் ஓரத்துல குழி வேண்டவே வேண்டாம் அண்ணே. தினம் தினம் அந்தத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி மண்ணைக் கனமாக்கும், பிடிப்பை விடவைக்கும். பெருமழை வர்ற நாள்ல அந்தச் சரிவு ஏற்கனவே நனைஞ்சு நிக்கும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில தோட்டத்து லயங்களை மூடின மண்சரிவு என்ன செஞ்சதுன்னு நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மண்ணுல வெடிப்பு, சாய்ஞ்ச மரம், புதுசா ஊறுற கலங்கல் தண்ணி, திடீர்னு இறுகுற கதவு, இதுல எது தெரிஞ்சாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மாவட்ட அலுவலகத்துக்கு அறிவிச்சு, அவங்க சொல்ற வரைக்கும் தோண்டாம இருங்க. தாங்குசுவருக்குப் பின்னாலயும் தண்ணி விடாதீங்க.

நீங்க செய்ய வேண்டியது அடி அடைச்ச சரளைப் படுகை, சமதரையில. சமையலறைத் தண்ணி நாளுக்கு 240 லீற்றர்னு வச்சா 6 சதுர மீற்றர் போதும்: 4 மீற்றர் நீளம், 1.5 அகலம், 60 செ.மீ ஆழம். கட்டுக்கல் கட்டி சீமெந்து பூசலாம், இல்லன்னா 1 மி.மீ தடிச்ச கறுப்பு விரிப்பு. கழுவின 10 முதல் 20 மி.மீ சரளை, ரெண்டு முனையிலயும் அரை மீற்றருக்கு முட்டிக்கல். கழுவாத சரளை போட்டா தூசியே ஆறு மாதத்துல அடைச்சிடும். வெளிய போற பைப்புல திருப்புற எல்போ வச்சு, தண்ணி மட்டத்தைச் சரளைக்கு 5 முதல் 10 செ.மீ கீழே நிறுத்துங்க. தண்ணி கண்ணுல தெரியவே கூடாது. தெரிஞ்சா கொசு, நாத்தம். இந்த அளவுக்குத் தண்ணி உள்ள அஞ்சு நாள் நிக்கும்.

படுகையில நடுற செடிக்குக் கல்வாழை. நுவரெலியாவுல ஆரம் லில்லி கான் ஓரத்துலயே தானா வளருது, அதையும் நடலாம், சாறு வாயில பட்டா எரியும்னு பிள்ளைகளுக்குச் சொல்லி வைங்க. வாழை இந்த உயரத்துக்கு வராது. எல்லப் பக்கம் வாழைக்குழி நல்லாப் போகும். படுகையில இருந்து வர்ற தண்ணியைப் பூச்செடிக்கு விடலாம், பச்சையா சாப்பிடுற இலை மரக்கறிக்கு வேண்டாம். மிஞ்சினதைச் சீமெந்து கான்ல எடுத்துக் கீழே இறக்குங்க.

கட்ட முன்னம் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ ஒரு தடவை போய், உங்க அறை எண்ணிக்கைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்கணுமான்னும் கேட்டுடுங்க. பொறியும் படுகையும் வரைபடமா கையில இருந்தா அந்த வேலையும் லேசு.

சீசன்பாதை:

தண்ணீர்ப் போத்தலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும், மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர்ப் பக்கத்து விடுதிகளில் அதிகம் சேரும் குப்பை இதுதான். அறைக்கு இரண்டு கண்ணாடிப் போத்தல், நடையில் ஒரு நிரப்பும் இடம். பீலித் தண்ணீர் தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று நம்ப வேண்டாம், மேலே லயம் இருக்கும், மருந்தடித்த தேயிலை மலை இருக்கும். முதலில் ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள். பிறகு 5 மைக்ரோன் வடி, கரி வடி, யூவி விளக்கு, இந்த வரிசையில்தான். யூவி கலங்கல் தண்ணீரில் வேலை செய்யாது, நுண்ணுயிர் தூசிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெருமழைக்குப் பின் தண்ணீர் தெளியும் வரை கொதிக்கவைத்துக் கொடுங்கள். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அது குறை இல்லை, குமிழ் விட்டு 3 நிமிடம் கொதித்தால் குடிக்கலாம். யூவி விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும், வெளிச்சம் தெரியும், வலு இருக்காது.

ஷம்பூ சஷே வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததும் 2021லேயே தடை. உணவுக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. சுவரில் பூட்டும் டிஸ்பென்சர் போதும். தீர்ந்ததும் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். மிச்சத்தின் மேல் ஊற்றிக்கொண்டே போனால் அடியில் கிருமி சேரும்.

ஊவாமேடு:

ஹீட்டர்: 2 கிலோவாட் 6 மணித்தியாலம் ஓடினால் ஒரு அறைக்கு 12 யூனிட். இரண்டு அறை ஓடினால் 16 பேருக்கான சுடுதண்ணீரை விட அதிகம். சூடு எங்கே போகிறது என்று பாருங்கள். இரவில் ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து ஜன்னல் ஓரம், கதவடி, கூரைப் பலகை இடுக்கு என்று கொண்டு போனால் புகை சாயும் இடத்தில் காற்று நுழைகிறது. அங்கே ரப்பர் பட்டி ஒட்டுங்கள். தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே உள்ள சீலிங்மேல் 50 மி.மீ கண்ணாடிப் பஞ்சு விரியுங்கள். அஸ்பெஸ்டஸ் தகட்டைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். திரைச்சீலை நிலம் தொடும் நீளத்தில், உள்துணி வைத்து. பிறகு கட்டிலுக்குள் சுடுதண்ணீர்ப் பை: ஒன்றரை லீற்றரை 80 பாகைக்குச் சூடாக்க ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. இரவு 8 மணிக்குத் துணி உறை போட்டு விரிப்புக்குள் வைத்துவிட்டால் அறைக்கு வருபவர் ஹீட்டரைத் தேடுவது குறையும். எந்தக் காரணத்துக்காகவும் கரி அடுப்பை அறைக்குள் விடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

படுக்கை விரிப்பு: உங்களைச் சுற்றி மரக்கறிக்காரர்கள் கட்டுகிற பொலித்தீன் கூடாரம்தான் பதில். 3 மீற்றருக்கு 6 மீற்றர், வெயிலைத் தாங்கும் 200 மைக்ரோன் பொலித்தீன், நீளப் பக்கம் காற்றடிக்கும் திசைக்கு. உச்சியில் முழு நீளத்துக்குக் காற்று வெளியேற இடைவெளி விட்டு, மழை படாமல் மேல்மூடி. கீழே இரண்டு பக்கமும் 30 செ.மீ திறப்பு. உச்சியை அடைத்துக் கட்டினால் உள்ளே ஈரம் தேங்கி விரிப்பில் கறுப்புப் புள்ளி விழும், வெளுத்தாலும் போகாது. கொடிகளுக்கிடையே 40 செ.மீ. அதற்கு முன் மெஷினில் 1,000 சுற்றுக்குக் குறையாமல் பிழிந்து எடுங்கள், 600 சுற்றில் எடுத்த துணி கூடுதல் நேரம் தொங்கும். முகில் நாளிலும் உள்ளே வெளியை விடச் சில பாகை சூடு இருக்கும், காலை 8 மணிக்குப் போட்டால் பின்னேரம் மடிக்கலாம். ஜூன், ஜூலையில் பின்னேரமும் ஈரம் இருந்தால் ஹீட் பம்ப் வைக்கும் அறையில் ஒரு இரவு தொங்கவிடுங்கள். டேங்கிலிருந்து கசியும் சூடு அங்கே வீணாகத்தான் போகிறது. வெளிப்பெட்டியின் குளிர்காற்று அந்த அறைக்குள் வராமல் அதை வெளிச் சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்.